வழிவிட்ட பாவம்

ஈப்போவில் பதினாலு வருஷம் ஓட்டியவள் நான்.
ஒரு சம்மன் கிடையாது.
மஞ்சள் விழுந்தால் நிற்பேன்.
யாருமில்லாத ராத்திரியிலும் நிற்பேன்,
பக்கத்தில் தங்கை
கொட்டாவி விட்டுக்கொண்டே திட்டுவாள்.

கானாடுகாத்தானில் ஓட்டல் கணக்குப் பார்க்க வந்ததும்
பழைய கார் ஒன்று கொடுத்தார்கள்.
சாவியோடு மெக்கானிக் சேதுராசு சொன்னது:
"பிரேக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பழகிக்கலாம்.
ஹாரனை மட்டும் புதுசா மாத்திட்டேன்."

இங்கே தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கிழித்தவை.
ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் போய்த்தான் முடிகிறது.
ஒவ்வொரு முக்கிலும்
நாலு திசையிலிருந்து நாலு பேர்
ஒரே வேகத்தில் வருகிறார்கள்.
முதல் வழி யாருக்கு?
யார் அதைக் கேட்கவில்லையோ அவருக்கு.

பாஷை பிடிபட ஒரு மாதம் ஆனது.
தமிழைச் சொல்லவில்லை, ஹாரனைச் சொல்கிறேன்.
ஒரு தரம் அடித்தால், வருகிறேன்.
இரண்டு தரம், வந்துவிட்டேன்.
விடாமல் அடித்தால்
மாப்பிள்ளை வண்டி, இல்லை ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச்.
வலது இண்டிகேட்டர் மினுக்கினால் வலப்பக்கம் திரும்பலாம்,
என்னை முந்திக்கொள் என்று இருக்கலாம்,
பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடியில் போட்டதை
அணைக்க மறந்திருக்கலாம்.
எதிரே லைட் அடித்தால், எங்கள் ஊரில் கரிசனம்:
முன்னாடி போலீஸ் நிற்குது, பார்த்துப் போ.
இங்கே அதே வெளிச்சம் கேட்கிறது:
நான் நிற்பதாக இல்லை. உன் யோசனை என்ன?

பாதி ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள்.
பார்த்துப் பார்த்துச் சுற்றிப் போனேன்.
சொந்தக்காரி கத்தினாள்:
"மேல ஏறிப் போனாத்தான ஆத்தா உதிரும்?"

அப்புறம் அந்தப் புதன்கிழமை.
கோட்டையூர் தாண்டி ஒருவர்
ரோட்டைக் கடக்க நின்றார்.
பழக்கதோஷம், நிறுத்தினேன்.
போங்கள் என்று கை காட்டினேன்.
போகவில்லை.
என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் அலறும் பஸ்ஸைப் பார்த்தார்.
மறுபடி கை காட்டினேன், சிரித்தபடி.
முகம் மலர்ந்து
கதவைத் திறந்து
ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளத்தூர்ல எறக்கி விட்டாப் போதும் தாயி."

பெயர் வெள்ளைக்கண்ணு. கல்யாணச் சமையல்.
மடியில் செய்தித்தாள் சுற்றிய சட்டுவம்,
காருக்குள் அடங்காத நீளம்.
காம்பு என் விலாவில், தலை ஜன்னலுக்கு வெளியே.
தங்கை இதை இன்னும் நம்பவில்லை:
இடப்பக்கம் நுழைய வந்த புல்லட்
சட்டுவத்தைக் கண்டு பின்வாங்கியது.
கட்சிக்கொடி பறந்த கார் ஒன்றும் பின்வாங்கியது.

அவரோ இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே
"அடிங்க" என்றார்.
"அடிங்க தாயி. சத்தமே இல்லாமப் போறீங்க,
எழவு வண்டியா இது?"
அடித்தேன், ஒரு ஆட்டுக்கு.
பிறகு ஒரு வளைவுக்கு.
பிறகு எதுவுமே இல்லாத நேர் ரோட்டில்.
நன்றாகத்தான் இருந்தது.

பள்ளத்தூரில் இறங்கி, ஜன்னலில் குனிந்தார்.
"தப்பா நெனைக்காதீங்க.
நான் எதிர்ப்பக்கம் காரைக்குடி பஸ் ஏறத்தான் நின்னேன்.
அம்புட்டு ஆசையாக் கூப்பிட்டீங்க,
வரலைன்னு சொல்ல வாய் வரலை."

சொல்லிவிட்டு
வலமும் பார்க்காமல் இடமும் பார்க்காமல்
சட்டுவத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
ரோட்டில் இறங்கினார்.
ஜல்லி லாரி நின்றது.
லாரிக்குப் பின்னால் எல்லாமே நின்றது.

நானும் நின்றிருந்தேன்,
வலது இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருக்க.
நான் போட்டதுதான்.
எதற்கென்று நினைவில்லை.