லத்தேரி கேட்டில் சொன்னது

ஜீப் கூரையில் ஆன்டெனா, என் மடியில் லேப்டாப்.
தனகோட்டி ஓட்டுகிறார்.
ராணிப்பேட்டை, திருவலம், காட்பாடி,
எங்கே அலை எட்டுகிறது எங்கே எட்டவில்லை என்று
ஊர் ஊராய்ப் புள்ளி வைக்கும் வேலை.

"பூரா சத்தத்தையும் அனுப்ப மாட்டீங்களாமே மேடம்?"

அறுபதில் ஒரு பங்குதான் ஏறும்.
தவில் முழங்கும்போது பக்கத்துக் கொலுசு
எப்படியும் காதில் விழாது.
விழாததை எதற்குச் சுமப்பது,
இறக்கிவிடுவோம்.
மேல்ஸ்தாயியையும் அனுப்புவதில்லை.
கீழே உள்ளதை வைத்து
ரேடியோவே ஊகித்துக்கொள்ளும்.

"அப்ப எங்க மூக்கு மாதிரி" என்றார்.
"தோல் ஷாப்பு நாத்தம் எங்களுக்கு வர்றதே இல்ல.
வெளியூரு ஆளு கர்ச்சீப்ப எடுத்தாதான்
ஞாபகம் வரும்."

எட்டு மணி பீப்
பழைய பெட்டியில் அடித்து முடிந்தபின்
புதியதில் அடித்தது.
"இது இன்னா, தாலுகா ஆபீஸ் வழியா வர்தா?"

சொல்லை உடைக்கிறோம்.
முன்னே பின்னே கலைத்துத் தூவுகிறோம்.
பாலத்தடியில் ஒரு பிடி தொலைந்தால்
ஒரே சொல் முழுதாய்ச் சாகக்கூடாது,
நூறு சொல்லில் ஆளுக்கோர் எள் குறையட்டும்,
கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.
அடுக்கி முடிக்கத்தான் அந்தத் தாமதம்.

மலைத்திருப்பம் தாண்டினோம்.
பழைய பெட்டி இருமிற்று, கரகரத்தது,
அந்தக் கரகரப்பிலும் யாரோ
வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
புதியது பாட்டின் நடுவே
சொல்லாமல் போய்விட்டது.

லத்தேரி கேட் மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்தார்.
கூட்ஸ் வந்தது, பெட்டி பெட்டியாய்.
நேரே பார்த்தபடி என்னவோ சொன்னார்.
உதடு அசைந்தது. ஹாரன்.

ராத்திரி ஆஸ்பத்திரித் தெரு லாட்ஜில்
அன்றைய பதிவைத் திறந்தேன்.
சோதனைக்கென்று ஜீப்புக்குள் ஒரு மைக் உண்டு,
சுருக்கியே சேமிக்கும்,
இருபத்துநாலு கிலோபிட்.
சக்கரம் ஒவ்வொன்றும் சுத்தமாய்க் கேட்டது.
ஹாரன் அத்தனை தெளிவு.
அவர் பேசிய இடத்தில் எதுவுமில்லை.
விதிப்படி சரி.
எந்த மனிதக் காதும் கேட்டிராது.
விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

காலையில் டீக்கடையில் கேட்டேன்,
நேற்று கேட்டில் என்ன சொன்னீர்கள்?

கிளாஸை ஆற்றியபடி யோசித்தார்.
"கேட்டு தொறந்தா போலாம்னேன்."

இல்லை.
உதடு அதைவிட நீளமாக அசைந்தது.