கீழ்ப்பாதி

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில்
என் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு கரும்பலகை.
ஆறு வருஷம் நான் மட்டும்தான் எழுதினேன்.
ஷட்டரைத் தூக்கி, மெஷின் சூடாகிற நேரத்தில்
நாலைந்து வரி.
கெடிலத்தில் தண்ணீர் வந்ததை எழுதினேன்,
வராததையும்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பிய இரவில்
தூக்கத்திலேயே மகள் இருமியதை எழுதினேன்.
நின்று பார்த்தார்கள்.
ஆதார் அட்டை, முன்பக்கம் பின்பக்கம்,
வாங்கிக்கொண்டு சில்லறை எண்ணிப் போனார்கள்.
ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.
பாழுங்கிணற்றில் கல் போட்டால்கூட
ஏதோ ஒரு சத்தம் மேலே வரும்.

ஓர் ஆவணியில் பாதியோடு நிறுத்தினேன்.
நடுவே ஒரு கோடு.
கீழே "உங்கள் இடம்".
மூட்டை தைக்கும் சணலில்
சாக்பீஸ் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.

முதல் நாளே சாக்பீஸ் காணோம்.
சணல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
இரண்டாம் நாள் யாரோ
340ஐயும் 120ஐயும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி
கூட்டாமலே போயிருந்தார்.
460 என்று நான் எழுதி வைத்தேன்.
எங்கள் முதல் பேச்சுவார்த்தை அதுதான்.

மூன்றாம் வாரம்:
"மேலே மூணாவது வரி. மனல் இல்ல, மணல்."
காது சுட்டது.
உள்ளே போய் யாருடைய சாதிச் சான்றிதழையோ
தேவையில்லாமல் நான்கு நகல் எடுத்தேன்.
மத்தியானம் வெளியே வந்து
றன்னகரத்தை அழித்து டண்ணகரம் போட்டேன்.
போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது,
ஆறு வருஷத்தில்
ஒருவர் மூன்றாவது வரி வரைக்கும் வந்திருக்கிறார்.

பிறகு, மழைக்கு முந்திய எறும்புகள்.
மரத்தடியில் மனு எழுதும் தனகோடி
பேனாவை மூடிவிட்டு வந்து
"எங்க தெருவிலும் தண்ணி வரல, அதையும் சேர்த்துக்க" என்றார், சாக்பீஸால்.
தேவனாம்பட்டினத்து நாகவல்லி
எனக்கு எழுத்து வராது என்று சொல்லி
கூடையை இறக்கி வைத்து ஒரு சுறா வரைந்தாள்.
பல் மட்டும் பதினேழு.
அதன் கீழே வேறொரு கை: "கிலோ என்ன விலை?"
அதற்கும் கீழே: "பார்த்துட்டுப் போங்க சார், பேரம் பேசாதீங்க."
என் பலகையில்
என்னைக் கேட்காமல்
அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு விடியலில் வசை இருந்தது.
என்னைப் பற்றி,
பொம்பளை நடுரோட்டில் எழுதிப் போடுவதைப் பற்றி.
ஈரத்துணியோடு நின்றேன்.
அழித்தால், கோட்டுக்குக் கீழேயும் என் இடம்தான் என்றாகும்.
விட்டுவைத்தால், பள்ளி விட்டு மகள்
இந்த வழியாகத்தான் வருவாள்.
வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது.
அழிக்கவும் இல்லை, விட்டுவைக்க முடிவெடுக்கவும் இல்லை.
யாருக்கோ பத்திரம் லேமினேஷன் செய்யக் கூப்பிட்டார்கள், போனேன்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போய்
காற்று வாங்க வெளியே வந்தால்
வசையின் இரண்டு பிழைகளைச் சுற்றி வட்டம்.
ஓரத்தில் மதிப்பெண்: நூற்றுக்குப் பன்னிரண்டு.
"கையெழுத்தும் சரியில்லை."
அதே ணகரம், அதே வலப்பக்கச் சாய்வு.
அன்று முழுக்க, நகல் வாங்க நீண்ட விரல்களில்
வெள்ளைத் தூள் தேடினேன்.
யாரென்று இன்றைக்கும் தெரியாது.

சாயங்காலம் மகள் வந்தாள்.
பையை இறக்காமல் கீழிருந்து மேலே படித்தாள்.
"பன்னெண்டு ஜாஸ்தி" என்றாள்.

கோடு இப்போது ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது.
எனக்கு இரண்டு வரி போதும்.
சாக்பீஸ் இன்னமும் திருட்டுப் போகிறது.
பெட்டியாக வாங்கிவிட்டேன்.