நன்றிக்கான காரணம்

திங்கட்கிழமைகளில்
பங்குமனையின் பின்னறையில்
காணிக்கை உறைகளை எண்ணுவது நான்தான்.
மின்விசிறியைப் போடமுடியாது,
தாள்கள் பறக்கும்.
யன்னலுக்கு அப்பால் பாசையூர்க் கடல்
வெக்கையில் தகரம்போலக் கிடக்கும்.
ஏலம் முடிந்த கரையிலிருந்து
நண்டு மணம் வரும்.

உறையின் மேல் இரண்டு கோடு அச்சடித்திருக்கும்:
பெயர்.
நன்றிக்கான காரணம்.
பெயரைப் பலர் எழுதுவதில்லை.
காரணத்தை ஒருவரும் விட்டதில்லை.

"கிணறு இந்த முறை உவர்க்கவில்லை."
"மகனுக்குக் கனடா விசா கிடைத்தது."
மூன்று மாதம் கழித்து அதே கையெழுத்தில்
"மகன் போன பிறகும் நித்திரை வருகிறது."
"இழுவைப் படகு அறுத்ததுபோக
வலையில் பாதி மிஞ்சியது."
பொனிப்பாஸ் அண்ணனுக்கு வருடம் முழுக்க ஒரே வசனம்:
"நேற்றும் கரை தெரிந்தது."
உள்ளே ஐம்பது ரூபாய்.
எப்போதும் கொஞ்சம் ஈரமாக.

நான் பதியவேண்டியது தொகையை மட்டும்.
காரணங்களுக்குப் பேரேட்டில் நிரல் இல்லை.
ஆனாலும் ஆண்டவரே, உமக்குத் தெரியும்,
கூட்டிக்கொண்டு போகையில்
என் உதடு முணுமுணுப்பதெல்லாம் இலக்கம் அல்ல.

இன்று என்னிடமும் ஓர் உறை.

வியாழக்கிழமை தெல்லிப்பழை ஆசுபத்திரியில்
என் பெயரைக் கூப்பிடுவார்கள்.
இடது பக்கம், நெல்லிக்காயளவு.
ஊசியால் எடுத்த துளி
ஏதோ ஒரு கண்ணாடித் துண்டில்
எனக்கு முன்னமே என்னை அறிந்துகொண்டு இருக்கிறது.
"பயப்பிடாதேங்கோ அக்கா" என்றாள் தாதி.
வேதாகமத்தில் சம்மனசுகளும்
இப்படித்தான் தொடங்குவார்கள்.
அதற்குப் பிறகு அவர்கள் சொல்வது
ஒருபோதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை.

நேற்றிரவு உம்மோடு சண்டை பிடித்தேன்.
செபமாலை எடுத்து
துக்க தேவரகசியம் இரண்டாவதில் நின்றுபோனேன்.
"ஏன் நான்" என்று கேட்டிருந்தாலும் பரவாயில்லை.
அடுத்த வீட்டு டெய்சிராணியின் பெயரைச் சொல்லி
"ஏன் அவளுக்கு இல்லை" என்று கேட்டேன்.
அவ்வளவு கேவலமாக.
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
பூனை வந்து என் பாதத்தில் படுத்தது.
அதை உமது பதில் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.
ஆனாலும் கால் சூடாக இருந்தது,
எப்படியோ கண்ணயர்ந்துவிட்டேன்.

விடிய, மதிலுக்கு மேலால்
புட்டுக் கோப்பையை நீட்டினாள் டெய்சிராணி.
"வியாழன் நானும் வாறன்.
முதல் பஸ்ஸிலேயே போவம்.
தனியப் போய் இருக்கவேண்டாம் யசிந்தாக்கா."
அவளின் முகத்தைப் பார்க்க முடியாமல்
புட்டைப் பார்த்தேன்.
ஆவி பறந்தது.

இருபது வருடம் கணக்கு எழுதிய கை இது.
வராத சரக்குக்குப் பற்றுச்சீட்டு கிழித்து அறியாது.
வியாழன் பின்னேரம் வரை பொறுத்து
துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து
அதன்பிறகு உறையை நிரப்புவதுதான் முறை.
ஆனால் அப்போது நான் போடுவது
வேலை முடித்ததற்குச் சம்பளம்.
நீர் என் கூலியாள் இல்லையே.

துணிச்சல் என்று நினைத்துவிடாதேயும்.
வயிறு இன்னும் பிசைகிறது.
நல்ல முடிவு தாரும் என்றுதான்
இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
கெட்டது வந்தால் திரும்பவும் சண்டை பிடிப்பேன்,
அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பேனையை எடுத்து
பெயர்க் கோட்டைத் தாண்டி
காரணம் என்ற இடத்தில்
"வியாழக்கிழமை" என்று மட்டும் எழுதினேன்.
முந்நூறு ரூபாய் வைத்து ஒட்டினேன்.
பிறகு நானே கிழித்து
நானே எண்ணி
பேரேட்டில் சேர்த்தேன். கணக்குச் சரி.

காசைக் கட்டிப் பூட்டிய பிறகு
மின்விசிறியைப் போட்டேன்.
வெறும் உறைகள் எல்லாம் எழும்பிப் பறந்து
மேசைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னாலே,
கிணறும் விசாவும் வலையும் கரையும்
என் வியாழக்கிழமையும்
அறை முழுக்கச் சிதறின.

முழங்காலில் நின்று
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
விருப்பமென்றால்
அதைச் செபம் என்று பதிந்துகொள்ளும்.