முன்பல் வழியாகப் போகும் மடிப்பு

ஆயிரத்து இருநூறு பிரதிகள்.
எல்லாவற்றிலும் அதே பெண், அதே சிரிப்பு,
ரத்தச் சிவப்பில் உதடு.
மூன்றாய் மடித்தால் ஒரு மடிப்பு
சரியாக அவள் முன்பற்களின் நடுவே இறங்குகிறது.
வடிவமைத்தவன் இதை யோசிக்கவில்லை.
அவனுக்குத் திரையில் எல்லாமே தட்டை.
மடிப்பவள் நான்.

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறைக் கடைக்குள் சுடுநீர்க் குழாய்கள்
காற்றைப் பிழிந்து காயப்போடுகின்றன.
கதவுப்பிடியைத் தொட்டால் பொறி,
ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி.
இந்த உலர்வில் பளபளத் தாளும்
என் உதட்டைப் போலத்தான்:
சிரித்தால் வெடிக்கும்.

கன்சோரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.
"மிஷினில் விடு, அதுவே மடிக்கும்."
விட்டேன். மடித்தது.
சிவப்பு நெடுக வெள்ளை வெள்ளையாய்ப்
பல்லிளித்துவிட்டது.
இருநூற்றுப் பதினேழில் நிறுத்தினேன்.

பல் மருத்துவர் ஒயூன்கெரெல்
ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தார்,
எக்ஸ்ரே பார்ப்பதுபோல.
"நல்ல பல்லில் விரிசல் போட்டு
அடியில் என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள்."
குரலில் கோபம் இல்லை.
அதுதான் சுட்டது.

ஆஃப்செட் மை
தாளோடு கொஞ்சமாவது உறவு வைத்துக்கொள்ளும்.
டோனர் அப்படியில்லை.
சூட்டில் உருகி மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தோல்,
வாடகைக்கு இருப்பவன்;
சுவர் அசைந்தால் முதலில்
அவன் சாமான்தான் தெருவில் விழும்.

அன்றிரவு ஒரு தாளை
நீளவாக்கில் கிழித்தேன், அகலவாக்கில் கிழித்தேன்.
ஒன்றில் கிழிசல் கோடு போட்டதுபோல் ஓடியது,
மற்றதில் குடிகாரன் நடை.
இழை குறுக்கே கிடந்திருக்கிறது.
நாங்கள் மடிக்கவில்லை,
முதுகெலும்பை ஒடித்துக்கொண்டிருந்தோம்.

இழை பார்த்து வெட்டிய புதுத் தாள்.
துக்ரிக் கணக்குப் போட்டு
கன்சோரிக் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தான்.
அச்சான கட்டை ஒருவரையும் தொடவிடவில்லை நான்.
குழாய் மேல் ஈரத் துணி,
மூலையில் ஒரு வாளித் தண்ணீர்,
ஒரு ராத்திரி முழுக்க.
சூட்டில் இழந்த ஈரத்தைத் தாள்
திரும்பக் குடிக்கட்டும்.

காலையில் கிரீசிங்.
மழுங்கிய தகடு. வெட்டாது, அழுத்தும்.
ஒரு பக்கம் வாய்க்கால்
மறுபக்கம் வரப்பு.
பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்:
வாய்க்காலைப் பார்த்ததும்
அதற்குள்ளேயே மடிக்கக் கை போகும்.
கூடாது.
வரப்புதான் உள்ளே போக வேண்டும்.
"தலைகீழாகச் செய்கிறாய்" என்றான் கன்சோரிக்.
இரண்டு விதமாகவும் மடித்து
அவன் முன்னால் வைத்தேன்.
விரலால் தடவினான், இன்னொரு முறை தடவினான்.
சரி என்று சொல்லாமல்
கெட்டிலைப் போட்டான்.

உள்ளே போகும் மடல் ஒன்றரை மில்லி குறைவு.
அதற்கும் ஒரு சண்டை. அது கிடக்கட்டும்.

பெட்டியோடு கிளினிக்குக்கு நடந்துபோனேன்.
மூச்சுவிட மூச்சுவிட மூக்குத்துணி உறைந்தது.
அவர் உப்பிட்ட பால் டீ ஊற்றிக் கொடுத்தார்.
ஒரு பிரதியை எடுத்தார்,
மடிப்பில் நகத்தை ஓட்டினார்,
திறந்தார், மூடினார், திறந்தார்.
உதடு சிவப்பாகவே இருந்தது.
நான் முதல் மிடறு குடித்தேன்.
என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"வாயைத் திற."

இடது கடைவாய், மேல்வரிசை.
"இந்தக் குளிரில் வாய் வழியாக மூச்சுவிட்டு வருகிறாய்,
உடனே கொதிக்கிற டீ.
மேலே இருக்கும் எனாமல் என்ன செய்யும், பாவம்?"

வாய்க்குள் கண்ணாடி இருக்கும்போதே கேட்டேன்,
எந்தத் திசையில் ஓடுகிறது என்று.
அவருக்குப் புரியவில்லை.
இன்னொரு தரம் கேட்டேன்.
கைக்கண்ணாடியைச் சாய்த்துக் காட்டினார்:
மயிரளவு. மேலிருந்து கீழே. நேர்க்கோடு.

குறுக்கே இல்லை.
ஏனோ நிம்மதியாக இருந்தது.

கடைக்குத் திரும்பினால்
வாசலில் பனி கரைந்து குளம்.
அந்த இருநூற்றுப் பதினேழையும்
கன்சோரிக் தரையில் பரப்பியிருந்தான்,
எல்லோருடைய பூட்ஸுக்கும் அடியில்
எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி.