எண்பத்தெட்டு மில்லிமீட்டர்

இரவு ஒன்று பத்து.
காரைக்குடி, செக்காலை ரோடு,
செல்போன் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஏசி பதினெட்டில். எனக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான்.
ஹெட்போனில் வெர்மான்ட்; அங்கே மதியம்.
பனிச்சறுக்குப் பலகை வேண்டுமாம் டோரத்திக்கு:
வயது அறுபத்திரண்டு, எடை எழுபத்தொன்று,
இடது முழங்காலுக்குள் ஒரு தகடு.

நான் உமையாள். அழைப்பில் எம்மா.
பனி என்று நாங்கள் சொல்வது
மார்கழியில் வண்டி சீட்டில் படியும் ஈரம்.
துண்டால் ஒரு இழுப்பு, போய்விடும்.
அவர்கள் அதை மண்வெட்டியால் அள்ளுகிறார்கள்.

திரையில் மூன்று ஜோடி.
இடுப்பு எழுபத்திநாலு: ஒல்லி,
இறுகிய பனிக்கு. லேசாகச் சாய்ந்தாலே இரும்பு விளிம்பு கடிக்கும்.
நூற்று நாலு: அகலம்,
நேற்றிரவு விழுந்த பனிக்கு. மூக்கு மேலே வளைந்திருக்கும், புதையாது.
இதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.
கண்மாய்ச் சேற்றில் என் ஸ்கூட்டி இறங்கிய அன்று
முத்துப்பீர் ஒரு பழைய கதவைப் போட்டு
அதன்மேல் நடந்து வந்து தூக்கினார்.
அகலம் என்றால் அந்தக் கதவு.
அதையே பாசி பிடித்த படித்துறையில் போட்டிருந்தால்
முத்துப்பீரைத்தான் தூக்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாவது எண்பத்தெட்டு.
எல்லாப் பனிக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கிறது.
எல்லா விசேஷத்துக்குமென்று என்னிடம் ஒரு சேலை உண்டு;
கல்யாணத்துக்குக் குறைச்சல், காதுகுத்துக்கு அதிகம்.

"எங்கள் மலை காலையில் கண்ணாடி" என்றாள் டோரத்தி.
"பதினொரு மணிக்குச் சீனி. மூன்று மணிக்குக் கஞ்சி.
மாவு மாதிரி விழுவது வருஷத்தில் ரெண்டு நாள்,
அன்றைக்குப் பார்த்து எனக்குச் சளி."
சிரித்தேன். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.
எந்த நேரத்தில் போவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.
நான் அந்தத் தகட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் நிற்பவர்கள் விழுவதில்லை என்று நம்புகிறவள் நான்.
பி.காம். எடுத்தது அப்படி. இந்த வேலையும்.
எண்பத்தெட்டு என்றேன்.

"இறுகிய பனியில் இது என்ன சத்தம் போடும், எம்மா?"
"ஸ்ஸ்..." என்றேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"சரி. அனுப்பு."

விடிய விடிய அந்த "ஸ்ஸ்" காதிலேயே இருந்தது.
ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து
மீன் மார்க்கெட் பின்னால் ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
சந்தியாகு கொக்கி போட்டு ஒரு பாரை இழுத்தான்.
சிமெண்டுச் சரிவில் அது தானாகவே கிளம்பியது,
உமி ஒட்டிய மாட்டைப் போல, அவசரமில்லாமல்.
கொக்கியைக் கேட்டு வாங்கினேன்.
மழுங்கியது வழுக்கிக்கொண்டு ஓடியது.
தீட்டியது
கர்ரக்
என்று பிடித்தது; வெள்ளைத் தூள் என் செருப்பில்.
"மொட்டைய வச்சு இழுத்தா பாரு காலுல விழும்க்கா,
எத்தன பேரு வெரல் போயிருக்கு."
ஆர்டர் அதற்குள் கிடங்கை விட்டுக் கிளம்பியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது.
டோரத்தியின் ஒரு வரி:
விழவில்லை. ஆனால் காலையில் பிடிக்கவே இல்லை.
காரணம் கேட்டது திரை:
நிறம் பிடிக்கவில்லை, அளவு தவறு, உடைந்திருந்தது, மற்றவை.
மற்றவையைத் தொட்டு அடித்தேன்:
பரிந்துரை தவறு. காலை எட்டு மணிக்குப் போகிறவர்.
எழுபத்திநாலு அனுப்பவும். விளிம்பைத் தீட்டி அனுப்பவும்.
கீழே குறிப்பு என்றொரு கட்டம் காலியாகக் கிடந்தது.
அதில் கர்ரக் என்று அடித்தேன்.
அழித்தேன். கிடங்கில் இருப்பவனுக்கு என்ன புரியும்.

அடுத்த அழைப்பு கொலராடோ.
இடுப்பளவு மாவாம், மூன்று நாளாக நிற்கவில்லையாம்.
கை நூற்று நாலுக்குப் போய்விட்டது.
நிறுத்தினேன்.
"எத்தனை மணிக்கு மலையேறுவீர்கள்?"