சிறு கோடு

த்ரியெஸ்தேயில் போரா அடிக்கிறது.
பிடித்து நடக்கத்
தெருவோரம் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
நான்காம் மாடியில் லிவியா பெர்த்தொக்
வரைபடத்தை மறுபடி வரைகிறாள்:
லிம்போமா, இரண்டாம் பிரிவு,
அறுபத்திரண்டு பேர்.

படிக்கட்டாய் இறங்குகிறது கோடு.
படிக்கு ஒருவர், சிலவற்றில் இருவர்.
'நிகழ்வு' என்று தலைப்பிட்ட கட்டத்தில்
ஒன்று என்று போட்டால்
ஒரு படி இறங்கும்.

இடையிடையே
இமைமயிர் அளவில் நெட்டுக்குத்தாய்ச் சில கீறல்கள்:
இதுவரை உயிரோடிருந்தார்,
அப்புறம் தெரியாது.

நாற்பத்தொன்றாம் எண்ணின் கீறலில்
அவள் கை நின்றுவிடுகிறது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ஏழாவது ஊசிக்குப் பிறகு வரவில்லை.
போன் அணைந்திருந்தது,
கடிதம் திரும்பி வந்தது.

ஒருநாள், கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க,
"எலிகளுக்கும் இதேதானா?" என்று கேட்டார்.
"ஆமாம்."
"அவை சௌக்கியமா?"
அவள் வாய் திறப்பதற்குள்
பம்ப் கத்தத் தொடங்கிவிட்டது.

எட்டு மணிக்கு விளக்கணைத்து இறங்குகிறாள்.
தெருவில் ஒரு ஆளில்லை.
கயிற்றைப் பற்றுகிறாள்.
வளைவுக்கு அப்பால், இருட்டில்,
யாரோ அதை இழுத்துப் பிடித்தபடி
போய்க்கொண்டிருக்கிறார்கள்.

காற்றாகவும் இருக்கலாம்.