தாரம்

நாலு மாதத்தில் மூன்று டயர்.
மூன்றும் ஒரே மாதிரி தேய்ந்தன: உள்ளங்கையால்
ஒருபக்கம் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் அரம்.
எத்திராஜு சூளூர்பேட்டையில் மலிவாக வாங்கிய
ரீட்ரெட் டயரின் லட்சணம் என்றேன்.
நீ படகை ஒருச்சாய்த்து ஏற்றுகிறாய் என்றான் அவன்.
பதினொரு நாள் பேச்சில்லை.
படகு ட்ரெய்லர் எங்கள் இருவருக்கும் பொது.
அவன் தங்கை எனக்கு மட்டும்.

தடாவில், நெடுஞ்சாலை ஓரம்,
இரண்டு மொழியிலும் தப்பாக எழுதிய பலகைக்குக் கீழே
மஸ்தானம்மா டயரைப் பார்க்கவே இல்லை.
முதலில் ஹப் மூடியைத் தட்டிக் கழற்றினாள்.
உள்ளே கிரீஸ்
மோர்க்குழம்பாய் வெளுத்துக் கிடந்தது.

"ஏரியில எறக்கும் முன்னாடி ஆற விடறீங்களா?"

இல்லை. பீமுனிவாரிபாளையம் வந்ததும்
அப்படியே பின்னுக்குத் தள்ளி இறக்குவோம்.
ரோட்டில் கொதித்த ஹப் உப்புத்தண்ணியில் முங்கியதும்
உள்ளிருக்கும் காற்று சுருங்கி
ஒரு மூச்சு ஏரியை இழுத்துக்கொள்ளுமாம்.
"அரைமணி நேரம். ஒரு டீ குடிங்க.
வேற ஒண்ணும் கேக்கல உங்க பேரிங்."

அப்புறம் நூலை எடுத்தாள்.
கொத்தனார் கட்டுகிற மஞ்சள் நூல்.
கொக்கி வளையத்தில் முடிச்சு;
இடது சக்கரத்து அச்சுமுனை வரை விண்ணென்று இழுத்து
நகத்தால் கிள்ளி ஒரு மை அடையாளம்;
அதே நூல், வலது முனைக்கு.
மை, முனையைத் தாண்டிப் போய் நின்றது.
பதினெட்டு மில்லி.
எத்திராஜு குனிந்து பார்த்தான். நானும் குனிந்தேன்.
பதினொரு நாளில் எங்கள் தலைகள்
இவ்வளவு அருகே வந்ததில்லை.

"டயர் மேல தப்பில்லை. லோடு மேலயும் இல்லை.
அச்சு எடம் மாறிப்போச்சு. தாரம் அபத்தம் செப்பது."

அவள் மொழியில் தாரம் என்றால் நூல்.
என் மொழியின் தாரம்
டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து
தூக்குவாளி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

யு-போல்ட்டுகள் முனகிக்கொண்டு தளர்ந்தன.
பட்டை வில்லுக்கு நடுவிலிருந்த போல்ட்
இரண்டு துண்டாக அவள் கையில் வந்தது.
முறிந்த முகம் முழுக்கத் துரு.
"நேத்து ஒடஞ்சது இல்ல இது," என்றாள்,
வெற்றிலைச் சாற்றைத் துப்பி விட்டு,
"மாசியிலயே போயிருக்கும்."

மாசியில் ஒரு ராத்திரி,
ஆரம்பாக்கத்து வேகத்தடை மேல்
படகும் இன்ஜினும் ஏற்றிய வண்டியை
பிரேக் தொடாமல் விட்டேன். இடது பக்கம்
'டக்'.
"என்னங்க சத்தம்?" என்றாள் தேசம்மா.
"கல்லு."
அவள் திரும்பிப் பார்த்தாள். ரோட்டில் கல் இல்லை.

இன்றும் ஒன்றும் சொல்லவில்லை.
தூக்குவாளியை மட்டும் மூடிவிட்டாள்.

புது போல்ட், புது சீல், நீல கிரீஸ்,
நட்டை இறுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்தி,
பின் செருகி, காலை மடக்கி விட்டாள்.
மறுபடி நூல். இந்த முறை
மையும் முனையும் ஒரே இடம்.
இருநூறு கிலோமீட்டர் ஓடியதும்
யு-போல்ட்டை இன்னொரு தரம் இறுக்கச் சொன்னாள்.
இரண்டாயிரத்து நானூறு.
எத்திராஜு சட்டைப்பையில் கைவிட்டான்:
"பாதி நான் தரேன், மச்சான். தெரியாம பேசிட்டேன்."

வாங்கிக்கொண்டேன்.

வரும்போது இருந்த கோணல் இல்லை.
இத்தனை மாதம் இடது கண்ணாடியில்
எதையோ சொல்ல வருவதுபோல்
எட்டி எட்டிப் பார்த்த சக்கரம்
இப்போது என் சக்கரத்துக்குப் பின்னாலேயே
சத்தமில்லாமல் வருகிறது.
கண்ணாடியில் தேசம்மா மட்டும்.
எதிர்க்காற்றில் கண் இடுக்கி
என்னையே பார்க்கிறாள்.
முன்னே வேகத்தடை. பிரேக்கை மிதித்தேன்,
தேவைக்கு மேலேயே.